ஆட்டக் கணக்கில் வராதவர்கள்

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வீட்டு வாசலில் எந்த விளையாட்டு நடந்தாலும் அதில் ஓர் 'ஒப்புக்குச் சப்பாணி' இருப்பான். வயதில் சிறியவன், அழுது அடம்பிடித்து உள்ளே வந்தவன். எல்லாரும் ஓடினால் அவனும் ஓடுவான். ஆனால் அவனை யாரும் தொட்டு 'அவுட்' ஆக்க மாட்டார்கள். அவன் யாரைத் தொட்டாலும் அது செல்லாது. ஆட்டத்தில் இருப்பான்; ஆட்டக் கணக்கில் இருக்க மாட்டான். உடற்குறையை இழிவாகப் பேசும் தொனி அச்சொல்லில் இருப்பதால் இன்று அதை யாரையும் நோக்கிச் சொல்ல நான் தயங்குவேன். ஆயினும் இக்கட்டுரையில் நான் சொல்ல வரும் செய்திக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கடந்த பருவத்தில் எங்கள் விரிவுரையாளர் ஓர் இடுபணி கொடுத்தார். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு உலகில் எங்கேனும் புதிதாகத் தோன்றிய ஒரு விழாவைத் தேர்ந்தெடுத்து, அது யாருக்காக, ஏன் தோன்றியது என்று எழுத வேண்டும். நண்பர்கள் உணவு விழா, இசை விழா, புத்தக விழா என்று எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டுப் பைத்தியமான நான் கணினி விளையாட்டு விழாக்களைத் தேடினேன். அப்படித் தேடியபோது கண்ணில் பட்டதுதான் 'கேமர்எக்ஸ்'. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, ஒருபால் ஈர்ப்பினரையும் திருநர்களையும் மையமாகக் கொண்ட கணினி, மேசை விளையாட்டு விழா.

உண்மையைச் சொல்கிறேன். அதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, "விளையாடுவதற்கு எதற்குத் தனி விழா?" என்பதுதான். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இதே கேள்வி எழலாம். அக்கேள்விக்கு நான் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம்

தமிழ் பயிலும் பேரவையின் இதழ் என்பதால் முதலில் சொற்களைப் பார்ப்போம். தன் பாலினத்தவர் மீதே காதல் கொள்பவரை ஒருபால் ஈர்ப்பினர் என்கிறோம். இரு பாலினர் மீதும் ஈர்ப்புக் கொள்பவர் இருபால் ஈர்ப்பினர். பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இவர்கள் அனைவரையும் சேர்த்துச் சொல்லப் 'பால்புதுமையர்' என்ற சொல் புழங்கி வருகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் அறிவுறுத்தலை அடுத்து, 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இத்தகைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. செய்தியாளர்களும் அலுவலர்களும் இழிசொற்களைத் தவிர்க்க ஒரு சொற்பட்டியலே தேவைப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. மரியாதையான சொல் இல்லாத இடத்தில் மரியாதையான பேச்சும் கடினமாகிவிடுகிறது.

விதியில் இல்லாதது விளையாட்டில் இல்லை

கதை, திரைப்படம், விளையாட்டு ஆகிய மூன்றுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஒரு நாவலில் எழுதப்படாததை வாசகன் கற்பனை செய்துகொள்ளலாம். திரைப்படம் முடிந்த பிறகு அந்தப் பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். கணினி விளையாட்டில் அது இயலாது. அதில் எல்லாம் விதிகளால் ஆனவை. கதவு திறக்கும் என்று நிரலில் எழுதியிருந்தால்தான் கதவு திறக்கும். எழுதப்படாவிட்டால் அந்தக் கதவை ஆயிரம் முறை தட்டினாலும் அது வெறும் சுவர்தான். காதலும் திருமணமும் அப்படியே. இரு பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பலாம் என்று விதி இல்லாவிட்டால், அந்த உலகில் அப்படி ஒரு மனிதரே பிறக்க முடியாது.

இதற்கு மிகச் சிறந்த சான்று 'தி சிம்ஸ்'. மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி, வேலைக்கு அனுப்பி, குடும்பம் நடத்த வைக்கும் இந்த விளையாட்டை நம்மில் பலர் விளையாடியிருப்போம். இதை உருவாக்கிக்கொண்டிருந்த மேக்சிஸ் நிறுவனத்தில், ஒருபால் காதல் வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் முடிவாகியிருந்தது. 1998-ஆம் ஆண்டு பேட்ரிக் பேரட் என்ற நிரலாளர் புதிதாகச் சேர்ந்தார். பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பழகும் விதத்தை எழுதும் வேலை அவருக்குத் தரப்பட்டது. அவர் கையில் கிடைத்ததோ அம்முடிவுக்கு முந்திய பழைய வடிவமைப்பு ஆவணம். அதில் ஒருபால் காதலும் இருந்தது. அவர் ஆவணத்தில் உள்ளபடியே எழுதிவிட்டார். அவரும் ஒருபால் ஈர்ப்பினர்.

1999-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்சில் நடந்த இ3 விளையாட்டுக் கண்காட்சியில் இதன் முன்னோட்டம் காட்டப்பட்டது. திரையில் ஒரு திருமணக் காட்சி. விருந்தினர் பலர் என்பதால் அனைவரின் அசைவுகளையும் முன்கூட்டியே எழுதிவைக்க நேரமில்லை. சிலரை அவர்கள் போக்கில் விட்டுவிட்டார்கள். செய்தியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விருந்தினர்களில் இரு பெண்கள் ஒருவரை ஒருவர் முத்தமிட்டுக்கொண்டனர். கண்காட்சி முழுக்க அந்த விளையாட்டைப் பற்றியே பேச்சு. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த தி சிம்ஸ், 2002-க்குள் அதுவரை மிக அதிகமாக விற்ற கணினி விளையாட்டு என்ற இடத்தைப் பிடித்தது.

ஆனால் முதல் பதிப்பில் ஒருபால் இணையர் காதலிக்கலாம், ஒரே வீட்டில் வாழலாம். திருமணம் மட்டும் செய்துகொள்ள முடியாது. 2004-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'இணைப்பு' என்ற வேறு பெயரில் ஒரு சடங்கு வந்தது. 2009-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் எல்லாருக்கும் ஒரே திருமணம். ஓர் இணையர் கூடத்தில் மோதிரம் மாற்றிக்கொள்ள ஒன்பது ஆண்டுகளும் மூன்று பதிப்புகளும் ஆயின. ஒப்புக்குச் சப்பாணி மெல்ல மெல்ல ஆட்டக் கணக்கில் சேர்ந்த கதை இது.

எல்லா நிறுவனங்களும் இவ்வழியில் செல்லவில்லை. நின்டெண்டோவின் 'டொமோடாச்சி லைஃப்' விளையாட்டில் நம்மையும் நம் நண்பர்களையும் போன்ற பொம்மைகளைச் செய்து ஒரு தீவில் வாழ வைக்கலாம். அவை காதலிக்கும், மணம் செய்துகொள்ளும். ஆனால் ஆணும் பெண்ணும் மட்டுமே. 2014-ஆம் ஆண்டு இதை மாற்றக் கோரி ஒரு பிரச்சாரம் எழுந்தது. நிறுவனம் மாற்ற மறுத்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு அதே ஆண்டு மே மாதம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த பதிப்பு வந்தால் அனைவரையும் உள்ளடக்கியதாக அமைக்க முயல்வோம் என்று அறிவித்தது. தன்னையே பொம்மையாகச் செய்து வைத்த ஒருவர், அந்தப் பொம்மை தன்னைப்போல் வாழ முடியாது என்று அறியும்போது என்ன நினைப்பார்? அவருக்கு அது வெறும் பொழுதுபோக்குச் சிக்கலாக இருந்திருக்காது.

காணாமற்போன ஒரு விளையாட்டு

பால்புதுமையர் விளையாட்டுகளை அண்மையில் வந்த மோகம் என்று சிலர் கருதலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் 1989-ஆம் ஆண்டிலேயே 'கேப்பர் இன் தி காஸ்ட்ரோ' என்றொரு துப்பறியும் விளையாட்டு வந்திருக்கிறது. அதை உருவாக்கியவர் சி.எம். ரால்ஃப் என்ற பெண்மணி. அக்கால மெக்கின்டாஷ் கணினியில் ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளைக் கொண்டு செய்தது. ஒருபால் ஈர்ப்புடைய பெண் துப்பறிவாளர் ஒருவர், காணாமற்போன தம் நண்பரைத் தேடுவதுதான் கதை. கதை நடக்கும் இடம் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ வட்டாரம். ஒருபால் ஈர்ப்பினர் பெருமளவில் குடியேறி வாழ்ந்த பகுதி.

அது எய்ட்ஸ் நோய் அவ்வட்டாரத்தை உலுக்கிக்கொண்டிருந்த காலம். ரால்ஃப் அந்த விளையாட்டுக்கு விலை வைக்கவில்லை. விளையாடிப் பிடித்திருந்தால் ஏதாவது ஓர் எய்ட்ஸ் அறநிறுவனத்திற்கு நன்கொடை கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். தொலைபேசி இணைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் சென்று அது பரவியது.

இங்கே ஒரு செய்தி என்னை மிகவும் பாதித்தது. அதே விளையாட்டை அவர் 'மர்டர் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' என்ற பெயரில் மாற்றியமைத்து, ஒரு நிறுவனத்தின் வழி விற்பனைக்கும் விட்டார். புதிர்கள் அவையே. பாத்திரங்களிலிருந்தும் இடத்திலிருந்தும் அந்த அடையாளத்தை மட்டும் துடைத்துவிட்டார். அடையாளத்தோடு இருந்தது நன்கொடைக்கு. அடையாளத்தை நீக்கியது விற்பனைக்கு. ஒரு படைப்பாளி தன் படைப்பிலிருந்து தன்னையே அழித்துவிட்டுத்தான் கடைக்குக் கொண்டுசெல்ல முடிந்தது என்பது எவ்வளவு வேதனைக்குரியது!

பிறகு அந்த விளையாட்டை உலகம் மறந்தது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏட்ரியன் ஷா போன்றோர் பால்புதுமையர் விளையாட்டுகளின் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கித் தேடியதன் பயனாக, 2017-ஆம் ஆண்டு அது இன்டர்நெட் ஆர்க்கைவ் வழி மீண்டும் விளையாடக் கிடைத்தது. 1992-ஆம் ஆண்டு ரயன் பெஸ்ட் உருவாக்கிய 'கேபிளேட்' என்ற சாகச விளையாட்டின் கதையும் இதுபோன்றதே. படைப்பாளியிடமே பிரதி இல்லாமல் போய், பல ஆண்டுகள் கழித்து மீட்கப்பட்டது. பெர்லின் நகரின் ஷ்வூலஸ் அருங்காட்சியகம் 2018 டிசம்பரில் தொடங்கிய 'ரெயின்போ ஆர்கேட்' என்ற கண்காட்சி இவ்வரலாற்றையே மையமாகக் கொண்டிருந்தது.

ஓலைச்சுவடிகளை ஊர் ஊராகத் தேடி மீட்ட வரலாற்றைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். எழுதப்பட்டதெல்லாம் தானாக நிலைப்பதில்லை. யாரோ ஒருவர் அது முக்கியம் என்று கருதித் தேடினால்தான் நிலைக்கும். நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓர் எழுத்தின் விழா

இப்போது விழாவுக்கு வருவோம். ஆங்கிலத்தில் விளையாடுபவரைக் 'கேமர்' என்பர். அச்சொல்லின் நடுவே ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் 'ஒருபால் ஈர்ப்புடைய விளையாட்டாளர்' என்ற பொருள் வந்துவிடும். ஒலியில் இரண்டும் ஒன்றே, எழுத்தில்தான் வேறுபாடு. தமிழில் எழுதினால் அந்த வேறுபாடும் மறைந்துவிடுகிறது. கேட்பவர் காதுக்கு அவர்களும் மற்றவர்களைப் போல விளையாட்டாளர்கள்தாம்.

இந்தச் சொல்லுக்கே ஒரு வழக்கு நடந்தது. அமெரிக்காவில் ஒருவர் அதைத் தம் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டு, மற்றோர் இணையக் குழு அச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றார். எலெக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு அக்குழுவுக்குத் துணைநின்று, பதிவை நீக்கக் கோரி 2013 ஜனவரியில் மனுக் கொடுத்தது. ஒரு சமூகம் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் சொல்லுக்குத் தனியொருவர் உரிமையாளராக முடியாது என்பதே வாதம். அவ்வாண்டிலேயே பதிவு கைவிடப்பட்டது.

கேமர்எக்ஸ் விழாவுக்கான பணத்தைப் பெரிய நிறுவனம் எதுவும் முதலில் தரவில்லை. 2012-ஆம் ஆண்டு கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியே பொதுமக்களிடம் 25,000 அமெரிக்க டாலர் கேட்டார்கள். கிடைத்ததோ 91,000 டாலருக்கும் மேல். எவ்வளவு பேர் இப்படி ஓர் இடத்துக்காகக் காத்திருந்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 2013 ஆகஸ்ட் 3, 4 ஆகிய இரு நாள்கள், சான் பிரான்சிஸ்கோவின் ஜப்பானியர் வட்டாரத்தில் உள்ள கபுகி விடுதியில் விழா நடந்தது. காஸ்ட்ரோ வட்டாரத்தின் துப்பறிவாளர் பிறந்து 24 ஆண்டுகள் கழித்து, அதே நகரில்.

விழாவில் என்ன நடந்தது என்று கேட்டால், மற்ற விளையாட்டு விழாக்களில் நடப்பவைதாம். கருத்தரங்குகள், புதிய விளையாட்டுகளின் காட்சி, விருப்பமான பாத்திரங்களைப்போல் வேடமிட்டு வருதல், பலகை விளையாட்டுகள். அனைவரும் வரலாம், ஒருபால் ஈர்ப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். அங்கே யாரும் தன்னை விளக்க வேண்டியதில்லை.

அவ்விழாவின் நிகழ்வுகளில் ஒன்று செய்திகளில் பரவலாக வந்தது. 'போர்ட்டல்' விளையாட்டில் வரும் கிளாடோஸ் என்ற கொடிய கணினியை அறியாத விளையாட்டாளர் குறைவு. அதற்குக் குரல் கொடுத்த எலன் மெக்லெயின் விழாவுக்கு வந்திருந்தார். ஓர் ஆடவர் தம் காதலரிடம் மேடையில் திருமணம் செய்துகொள்ளக் கேட்டபோது, மெக்லெயின் கிளாடோஸின் குரலிலேயே பேசி அதற்குத் துணைநின்றார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், 2013 ஜூன் இறுதியில், அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்பை அடுத்துக் கலிபோர்னியாவில் ஒருபால் திருமணங்கள் மீண்டும் தொடங்கியிருந்தன. நாட்டின் விதி மாறிய சூட்டோடு விளையாட்டு மேடையில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. பின்னர் நியூயார்க்கிலும், 2016-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் இவ்விழாவின் கிளைகள் நடந்தன.

தனி விழா எதற்கு?

இனி என் முதல் கேள்விக்கு வருகிறேன். இதற்கு விடையை நான் இணையத்தில் மட்டும் தேடவில்லை. என் நினைவிலும் தேட வேண்டியதாயிற்று.

தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து படித்த நண்பன் ஒருவன் இருந்தான். நாங்கள் இருவரும் ஒரே தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றோம். படிவம் இரண்டில் பள்ளி முடிந்ததும் பக்கத்துக் கடைவீதியில் இருந்த சைபர் கபேக்கு ஓடுவோம். ஐவர் சேர்ந்து ஓர் அணி. அவன் எங்கள் எல்லாரையும்விடத் திறமையாக விளையாடுவான். ஆனால் அவன் குரல் மென்மையானது. எப்போதும் பெண் பாத்திரத்தையே தேர்ந்தெடுப்பான். அணி தோற்றால் ஒரு சொல் பறக்கும். மலாயிலிருந்து எடுத்து நாம் தமிழில் புழங்கும் அந்தச் சொல்லை இங்கே எழுத நான் விரும்பவில்லை; உங்களுக்கே தெரியும். அணி வென்றாலும் அதே சொல்தான். அப்போது சிரிப்போடு வரும். நானும் சொல்லியிருக்கிறேன். அவனும் சேர்ந்து சிரித்தான். அதனால் அவனுக்கு அது வலிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

படிவம் மூன்றில் அவன் வருவதை நிறுத்தினான். "டியூசன் இருக்குடா" என்றான். நாங்கள் வேறு ஒருவனைச் சேர்த்துக்கொண்டோம். அவன் எந்த ஈர்ப்புடையவன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. அது என் வேலையும் அன்று. ஆனால் அந்தச் சொல் அவனை ஐந்தாம் ஆளாக வைத்துக்கொண்டே கணக்கிலிருந்து நீக்கியது என்பது இப்போது புரிகிறது. அவன் எடுத்த புள்ளிகள் எல்லாம் எங்கள் கணக்கில் சேர்ந்தன. அவனை மட்டும் நாங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

தனி விழா எதற்கு என்று கேட்பவர், பொதுவான இடம் ஏற்கெனவே எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது என்று நம்புகிறார். நான் அப்படித்தான் நம்பினேன். அந்தச் சைபர் கபேயின் வாசலில் யாருக்கும் தடை எழுதி ஒட்டப்படவில்லை. ஆயினும் ஒருவனுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

மேசையைச் சுற்றி

கணினியை விட்டு மேசைக்கு வருவோம். மேசை விளையாட்டு என்றதும் கேரம், தாயம், மொனோபோலி என்றுதான் நமக்குத் தோன்றும். 'பாத்திர விளையாட்டு' என்று ஒரு வகை உண்டு. நால்வர், ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே ஒரு கதையை உருவாக்குவார்கள். சிக்கலான இடங்களில் பகடை உருட்டி முடிவு செய்வார்கள். இதில் நிரல் இல்லை; விதிப்புத்தகம் மட்டுமே. ஆகவே சிறிய கையில் பெரிய மாற்றம் சாத்தியமாகிறது.

கனடாவைச் சேர்ந்த ஏவரி ஆல்டர் 2012-இல் வெளியிட்ட 'மான்ஸ்டர்ஹார்ட்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாத்திரங்கள் அனைவரும் பள்ளி மாணவர்கள். அதே வேளையில் ஓநாய் மனிதன், பேய், சூனியக்காரி போன்ற விந்தைப் பிறவிகள். இதில் ஒரு விதி உண்டு. ஒரு பாத்திரம் மற்றொன்றைக் கவர முயன்றால் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். எண் போதிய அளவு வந்தால் மற்றப் பாத்திரத்திற்கு ஈர்ப்பு ஏற்பட்டுவிடும். "என் பாத்திரம் அப்படிப்பட்டவன் இல்லை" என்று அதை ஆடுபவர் மறுக்க முடியாது. ஆனால் அந்த ஈர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது முழுக்க அவர் விருப்பம். பதின்ம வயதில் ஈர்ப்பு நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நடத்தை மட்டுமே நம் கையில் உள்ளது. ஒரு நூல் முழுக்க விளக்க வேண்டிய கருத்தை இரு பகடைகளில் அடக்கிவிட்டார்.

அவரே எழுதிய 'டிரீம் அஸ்கியூ' விளையாட்டில் பகடையும் இல்லை, ஆட்டத்தை நடத்தும் தலைவரும் இல்லை. உலகம் சிதைந்துகொண்டிருக்கும் காலத்தில் பால்புதுமையர் சிலர் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்புதான் களம். தன் பாத்திரத்தின் பலவீனம் வெளிப்படும்படி நடந்தால் ஒரு வில்லை கிடைக்கும். பலத்தைக் காட்ட வேண்டுமானால் ஒரு வில்லையைச் செலவழிக்க வேண்டும். அதாவது, தடுமாறியவருக்குத்தான் பிறகு எழுந்து நிற்க முடியும். 'ஃபாக் ஆஃப் லவ்' என்ற இருவர் ஆடும் காதல் விளையாட்டோ 2017-இல் வந்து, பின்னர் இரு ஆடவர், இரு பெண்டிர் படமிட்ட அட்டைகளோடும் வெளியானது. உள்ளே விதி ஒன்றே. கடையில் அட்டையைப் பார்ப்பவருக்கு "இது உனக்கும்தான்" என்று சொல்ல அந்தப் படம் தேவைப்பட்டது.

நமக்கு அருகில்

இவை எல்லாம் மேற்கத்திய நாட்டுக் கதைகள், நமக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2007 நவம்பரில் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 'மாஸ் எஃபெக்ட்' என்ற விண்வெளி விளையாட்டு தடை செய்யப்பட்டது. ஒரு பெண்ணும் வேற்றுக்கோளைச் சேர்ந்த பெண்ணுருவப் பாத்திரமும் நெருங்கிப் பழகும் காட்சி அதில் வருவதே காரணம். சில நாள்களிலேயே தடை நீக்கப்பட்டு, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான விளையாட்டாக அனுமதிக்கப்பட்டது. 2008-இல் விளையாட்டுகளுக்கான வயதுத் தரப்பிரிவு முறையும் அங்கு நடைமுறைக்கு வந்தது. ஒரு விளையாட்டின் ஒரு காட்சி அரசின் கவனத்தையே ஈர்த்தது என்றால், "இது வெறும் விளையாட்டு" என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

ஆங்கிலேயர் ஆட்சியில் வேரூன்றிய சட்டங்கள் இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் நின்றன. இந்திய உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில், இசைந்து வாழும் பெரியவர்களுக்கு 377-ஆம் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 377ஏ பிரிவை நீக்க 2022 நவம்பரில் வாக்களித்தது. 2023 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் அத்தகைய பிரிவு இன்றும் சட்டப்புத்தகத்தில் உள்ளது. சமயம், பண்பாடு, சட்டம் பற்றி நம்மிடையே பல கருத்துகள் இருக்கும். அவற்றை இக்கட்டுரையில் நான் தீர்த்துவைக்க முடியாது. ஆனால் ஒருவரை இழிசொல்லால் அழைக்கக் கூடாது என்பதற்கு எந்தச் சட்டமும் மாற வேண்டியதில்லை.

நம் மேசையின் விதி

இடுபணியை ஒப்படைத்த அன்றிரவு அந்த நண்பனின் எண்ணைத் தேடிப்பிடித்துக் குறுஞ்செய்தி அனுப்பினேன். பல முறை எழுதி அழித்து, கடைசியில் நேராகவே எழுதினேன்: "சைபர் கபேல நாங்க உன்ன கூப்பிட்டது தப்பு. நானும் சொன்னேன். மன்னிச்சிருடா." மறுநாள் மாலைதான் பதில் வந்தது. "அப்ப கோபம்லாம் வரலடா. சலிப்பா இருந்துச்சு. அதான் வரல." சற்று நேரம் கழித்து இன்னொன்று: "இன்னும் வெளையாடுறியா?"

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சண்டை போட்டுப் பிரிந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். சலித்துப்போய் ஒருவன் எழுந்து போனதை உடன் விளையாடிய நால்வரும் கவனிக்கவே இல்லை.

நண்பர்களே, தி சிம்ஸ் விளையாட்டின் விதியை மாற்ற ஒரு நிரலாளர் தேவைப்பட்டார். கேமர்எக்ஸ் விழாவை நடத்தப் பல்லாயிரம் டாலர் தேவைப்பட்டது. நம் அணியின் பேச்சு விதியை மாற்ற நாம் மட்டும் போதும். விடுதி அறையில் இரவு கைத்தொலைபேசியில் ஐவர் சேர்ந்து விளையாடும்போது, தோற்ற கோபத்தில் அந்தச் சொல் நாவின் நுனிக்கு வரும். அப்போது அதை விழுங்கிவிடுங்கள். வேறொருவர் சொன்னால், "அத விடு, அடுத்த ஆட்டத்தப் பாரு" என்று சொல்லுங்கள். ஐவரில் யார் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது சனிக்கிழமை இரவுகளில் நானும் அவனும் சேர்ந்து விளையாடுகிறோம். அவன் இன்றும் பெண் பாத்திரத்தையே எடுக்கிறான். இன்றும் என்னைவிட நன்றாக விளையாடுகிறான். சென்ற வாரம் நாங்கள் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றோம். மூன்றிலும் தவறு என்னுடையதுதான் என்று அவன் கணக்குக் காட்டினான். சரியாகத்தான் இருந்தது.